ஒன்பது புள்ளி நான்கு

கட்டிலிலிருந்துதான் விழுந்தாள்.
கட்டில் என் முழங்கால் உயரம்.
மூன்றாவது முறையாகச் சொல்கிறேன் டாக்டர்,
முழங்கால் உயரம்.

அவர் எப்சியைப் பார்க்கவில்லை.
என் வளையலை, நகத்தைப் பார்த்தார்.
பிறகு சாலமோனின் கையை.
"கிஸீனே மாரா க்யா?"
மிக மெதுவாக, மீன் விலை கேட்பதுபோல.

சாலமோன் வாய் திறக்கவில்லை.
போன மாதம் பால் கொட்டியதற்கு
அவளை அடிக்கக் கை ஓங்கினார்.
ஓங்கியதோடு சரி, சத்தியமாக.
ஓங்கிய அந்தக் கை இறங்காமலே வந்து
பச்சைத் திரைக்குள்
எங்கள் மூவருக்கும் நடுவே நின்றது.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்கள்.
என் பிள்ளைக்குள் இவ்வளவு இருட்டா.
முன்கையில் ஓரிடம்
பச்சை வேப்பங்குச்சியை வளைத்தால்
ஒரு பக்கம் பிளந்து
மறுபக்கம் விடாமல் ஒட்டியிருக்குமே, அப்படி.
மணிக்கட்டு எலும்பின் விளிம்போ
மடித்துத் தைக்காத பாவாடைக் கரைபோலப் பிசிறாய்.

இரண்டு நாள் கழித்து ஒரு தாள்.
ஒன்பது புள்ளி நான்கு.
இருபதுக்கு மேல் இருக்கவேண்டுமாம்.
டாக்டர் பேனாவால் வட்டம் போட்டார்,
அந்த வட்டத்தால் எங்களை விடுவித்தார்.
வராந்தாவில் சாலமோன்
சுவரைப் பார்த்து நின்று அழுதார்.
எனக்கும் நிம்மதிதான்,
வெட்கமில்லாமல் சொல்கிறேன்:
பிள்ளை எலும்பில் சத்தில்லை என்று கேட்டு
பெற்றவளுக்கு நிம்மதி.

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது
கடைசியாக அவர் கேட்டது:
வெயிலில் விளையாட விடுவீர்களா?

மான்குர்டில் ஏழாம் நம்பர் பில்டிங், இரண்டாம் மாடி.
எட்டாம் நம்பர் பில்டிங்கின் ஜன்னல்
எங்கள் ஜன்னலுக்கு எட்டும்.
அந்தப் பக்கம் சுல்தானா வெங்காயம் வதக்கினால்
இந்தப் பக்கம் வெறுஞ்சோறு இறங்கிவிடும்.
பகலெல்லாம் டியூப்லைட்.
குடிசையில் இருந்தபோது
கூரை ஓட்டை வழியே ஒரு ரூபாய் அளவு
வெயில் விழும். எப்சி அதை
உள்ளங்கையில் பிடித்துப் பிடித்து விடுவாள்.
அதை அடைக்கத்தானே
வருஷம் ஒரு தார்ப்பாய் வாங்கினோம்.

இதில் நான் வேறு.
பள்ளி ஆண்டு விழாவில் தேவதை வேஷம்
வேறொருத்திக்குப் போனது.
அன்று முதல் கடலைமாவு,
அன்று முதல் குடை,
"வெளிய நிக்காத, கறுத்துப்போவ."
இது அந்தத் தாளில் இல்லை.
டாக்டரிடமும் நான் சொல்லவில்லை.

மருந்துப் பொட்டலத்தில் அறுபதாயிரம் என்று அச்சடித்திருக்கிறது.
வாரம் ஒன்று, பாலில் கலந்து.
அறுபதாயிரத்தை நாங்கள் ஒரே ஒரு தடவை பார்த்தோம்,
இந்த வீட்டுக்காக ஏஜென்டிடம் எண்ணிக் கொடுத்த அன்று.
தண்ணீர் வரும், லிஃப்ட் வரும் என்றான்.
வெயில் வருமா என்று
யாருக்குக் கேட்கத் தோன்றும்?

மொட்டைமாடிச் சாவி செக்ரட்டரி கதமிடம்.
தாளைக் காட்டினேன்.
மாவுக்கட்டுக் கையைக் காட்டினேன்.
பதினொன்றிலிருந்து பதினொன்றரை, என்றார்,
தொட்டிப் பக்கம் போகக்கூடாது.

மறுநாளே சுல்தானாவின் மகன் வந்துவிட்டான்.
பிறகு ஐந்தாம் மாடி இரட்டையர்.
பிறகு அர்மான், இரண்டு காலும்
அடைப்புக்குறிபோல் வளைந்து.
அப்பனைப்போலவே நடக்கிறான் என்று
படிக்கட்டில் எத்தனை நாள் சிரித்திருக்கிறோம்.
இன்று அவன் அம்மாவிடம் சிரிக்க முடியவில்லை.
தாளை மட்டும் நீட்டினேன்.
அவள் படிக்கத் தெரியாமல்
வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படிக்கட்டிலிருந்து சாவிக்கொத்தின் சத்தம்.
எப்சிக்குக் கண் கூசுகிறது.
கட்டுப்போட்ட கையைத் தூக்கி
முகத்துக்கு நிழல் பிடிக்கிறாள்,
நான் சொல்லிக்கொடுத்தபடி.